உங்களுக்குப் பிடித்த படத்தை யாரிடம் சொன்னீர்கள்?

அன்புள்ள சினிமா ரசிகர்களுக்கு,

முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால் சோறு இறங்காதவர்களே, நடுராத்திரியில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஈரானியப் படம் பார்க்கிறவர்களே, ஞாயிறு மதியம் டிவியில் ஓடுகிற பழைய படத்தை எந்த இடத்தில் பிடித்தாலும் கடைசிவரை பார்த்துவிடுகிறவர்களே, உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நானும் உங்களில் ஒருத்தி என்கிற உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமும் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். உங்கள் மனசுக்கு நெருக்கமான படம் ஒன்று கட்டாயம் இருக்கும். அதை எடுத்தவர் யார் என்றும் உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாத ஒருவரிடம் அதைப் பற்றிக் கடைசியாக எப்போது சொன்னீர்கள்? பெயரை மட்டும் உதிர்த்துவிட்டுப் போவதைக் கேட்கவில்லை. இன்ன காரணத்தால் இதை நீ பார்க்க வேண்டும் என்று எடுத்துச் சொல்லி, பார்த்தாயா பார்த்தாயா என்று நச்சரித்து, பார்த்த பிறகு உட்கார்ந்து பேசினீர்களா?

நாம் சினிமாவைப் பற்றிப் பேசாத நாளே கிடையாது. ஆனால் அந்தப் பேச்சில் படம் எங்கே இருக்கிறது? வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ‘மாஸ்’ அல்லது ‘மொக்கை’ என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. சனிக்கிழமை வசூல் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை எந்த நடிகர் எந்த நடிகரை முந்தினார் என்கிற சண்டை. திங்கட்கிழமை அடுத்த படத்தின் டீசர் வந்துவிடும், முந்தின படத்தை எல்லாரும் மறந்துவிடுவோம். தயாரிப்பாளரின் லாப நட்டம் தயாரிப்பாளர் பாடு. நம் பையிலிருந்து டிக்கெட் காசு போனதைத் தவிர அந்தக் கோடிகளுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கைத்தான் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறோம். அதே படத்துக்கு ஒளிப்பதிவு யார் என்று கேட்டால் விழிக்கிறோம்.

இதைப் படித்துவிட்டு ‘நல்ல சினிமா’ நண்பர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள்மேல் எனக்கு வருத்தம் இன்னும் அதிகம். ஒருவர் ஆசையாக வந்து, ‘நல்ல படமா ஒண்ணு சொல்லுங்களேன்’ என்று கேட்டால், நீளமாக ஒரு பட்டியலை அனுப்பிவிடுகிறீர்கள். பெர்க்மன், தார்க்கோவ்ஸ்கி, ஓசு, கியரோஸ்தமி, அதற்குக் கீழே வரிசையாகக் கொரியப் படங்கள். எதைப் பற்றியும் ஒரு வரி விளக்கம் கிடையாது. கேட்டவர் அதைப் பத்திரமாகச் சேமித்து வைப்பார், ஒன்றையும் பார்க்க மாட்டார். அவர் கேட்டது ஒரு படம். நீங்கள் கொடுத்தது உங்கள் ஜாதகம். போதாததற்கு, ‘ஐயோ, இதைக்கூட இன்னும் பார்க்கலையா?’ என்று ஒரு வியப்பு வேறு. அந்த ஒரு கேள்வியோடு அவர் உங்களிடம் படம் கேட்பதை நிறுத்திவிடுவார். வெட்கப்பட்டவர் யாரும் அப்புறம் வாய் திறப்பதில்லை.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது, கதை சொல்லிகள். இடைவேளைத் திருப்பம், கடைசிக் காட்சி, யார் சாகிறார் என்பதுவரை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, ‘சூப்பர் படம், கண்டிப்பா பாரு’ என்று முடிப்பார்கள். இதற்குமேல் பார்க்க என்ன மிச்சம்? இப்போது ரீல்ஸ் அந்த வேலையை இன்னும் சுருக்கமாகச் செய்துவிடுகிறது. ஒரு படத்தின் உச்சக் காட்சியை மட்டும் அரை நிமிடத்துக்கு வெட்டிப் போடுகிறார்கள். அந்த உச்சத்துக்கு இயக்குநர் இரண்டு மணி நேரமாக நம்மைக் கைப்பிடித்து அழைத்து வந்த பாதை யாருக்கும் தெரியாமலே போகிறது.

‘இதெல்லாம் ஒரு பிரச்சினையா? ரசனை அவரவர் சொந்த விஷயம், வேண்டியவர்கள் தேடிப் பார்த்துக்கொள்வார்கள்’ என்று நீங்கள் சொல்லலாம். தேடுகிற ஆளுக்கு முதலில் பெயர் தெரிய வேண்டும். அதோடு, தேடும்போது படம் இருக்கவும் வேண்டும். படம் எங்கே போய்விடும் என்கிறீர்களா? போய்விடும். போயிருக்கிறது.

1918 வாக்கில் ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம். இன்று அதன் பிரதி இல்லை. 1931 அக்டோபர் 31ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான ‘காளிதாஸ்’ முதல் தமிழ்ப் பேசும்படம். அதுவும் இல்லை. அதில் நாயகியாக நடித்த டி.பி. ராஜலட்சுமி 1936இல் ‘மிஸ் கமலா’ என்ற படத்தைத் தாமே எழுதி இயக்கினார். தென்னிந்தியாவில் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர். அவர் எந்தக் காட்சியை எப்படி எடுத்திருப்பார், கேமராவை எங்கே வைத்திருப்பார் என்று எனக்குப் பார்க்க ஆசை. பார்க்க முடியாது. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். ஓடி முடிந்த படச்சுருளைக் கரைத்து அதிலிருந்து வெள்ளி எடுப்பதற்கென்றே வாங்கிப்போன வியாபாரிகளும் உண்டு. ஓடாத படத்தை வைத்துக் காப்பாற்ற யாருக்கும் ஒரு காரணம் தோன்றவில்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் வந்தது. அதைக் கட்டி எழுப்பிய பி.கே. நாயர், சிறுவயதில் சினிமா டிக்கெட் துண்டுகளைச் சேர்த்து வைத்த ஒரு ரசிகர். நம்மைப் போல ஒருவர்தான்.

இது ஏதோ தாத்தா காலத்துக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1988இல் வந்த ‘வீடு’ தேசிய விருது வாங்கிய படம். அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதும் அந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. அதன் நெகடிவ் பாழாய்ப்போனதைப் பற்றி, அதை எடுத்த பாலு மகேந்திரா தம் கடைசிக் காலத்தில் மனம் நொந்து பேசினார். தமிழ்ப் படங்களுக்கென்று ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்டபடியே 2014இல் போய்ச் சேர்ந்தார். ஒரு தேசிய விருதுப் படத்துக்கே இந்தக் கதி என்றால் மற்றவை எம்மாத்திரம்?

பிரதி இருந்தும் பார்ப்பார் இல்லாமல் போவது இன்னொரு வகைச் சாவு. இதைத் தடுக்க அரசாங்கமோ காப்பகமோ தேவையில்லை, நாம் போதும். அதற்குச் சாட்சியாக ஒரு படத்தைச் சொல்கிறேன். 1978இல் ருத்ரய்யா ‘அவள் அப்படித்தான்’ எடுத்தார். கமலும் ரஜினியும் இருந்தும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ஸ்ரீபிரியா ஏற்ற மஞ்சு என்கிற பெண்ணை நடுவில் நிறுத்தினார். எழுத்தில் வண்ணநிலவனுக்கும் பங்கு உண்டு. படம் வந்தபோது பெரிதாகப் போகவில்லை. அடுத்து 1980இல் ‘கிராமத்து அத்தியாயம்’ வந்தது, அதுவும் ஓடவில்லை. அதற்குப் பிறகு ருத்ரய்யா படமே எடுக்கவில்லை. 2014இல் அவர் காலமானபோது, ‘அவள் அப்படித்தான்’ வெளியான காலத்தில் பிறந்தேயிராதவர்கள் அஞ்சலி எழுதினார்கள். அவர்களிடம் அந்தப் படத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? சுவரொட்டி ஒட்டிய விநியோகஸ்தரா? ஒரு ரசிகர் இன்னொருவரிடம் சொன்னார், அவர் வேறொருவருக்குக் கேசட்டைக் கொடுத்தார், அவர் சிறுபத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் படத்தைக் கைமாற்றிக் கைமாற்றியே உயிரோடு வைத்திருந்தவர்கள் உங்களைப் போன்றவர்கள்.

அப்படிக் கைமாற்றுவதற்கென்றே ஒரு காலத்தில் இடங்கள் இருந்தன. 1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களோடு கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கியபோது ராய் ஒரு படமும் எடுத்திருக்கவில்லை. விளம்பரக் கம்பெனியில் ஓவியராக இருந்த ஒரு ரசிகர், அவ்வளவுதான். சேர்ந்து படம் பார்த்தார்கள், பார்த்ததைப் பற்றிச் சண்டை போட்டார்கள். எட்டு வருஷம் கழித்து ‘பதேர் பாஞ்சாலி’ வந்தது. சென்னையிலும் 1950களிலேயே பிலிம் சொசைட்டி இருந்தது, அம்மு சுவாமிநாதன் அதற்குத் தலைவராக இருந்தார். பிறகு மாக்ஸ்முல்லர் பவனிலும் அலையன்ஸ் பிரான்சேயிலும் ரஷ்யக் கலாச்சார மையத்திலும் படம் பார்த்து வளர்ந்தவர்கள் பலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். படம் கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. கிடைத்த ஒன்றைக் கூட்டமாகப் பார்த்தார்கள், கூட்டமாகப் பேசினார்கள்.

கேரளத்தில் ஜான் ஆபிரகாம் இன்னும் ஒரு படி மேலே போனார். தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்து 1977ஆம் வருஷத்துக்கான தேசிய விருது வாங்கியவர். அந்தப் படத்தைத் தூர்தர்ஷனில் போடப்போவதாக அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அவர் 1984இல் நண்பர்களோடு ஒடேசா இயக்கத்தைத் தொடங்கி, ஊர் ஊராகச் சாதாரண ஜனங்களிடம் காசு திரட்டி ‘அம்மா அறியான்’ எடுத்தார். எடுத்த படத்தை அதே ஜனங்களிடம் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார்கள். படத்துக்கு முதலாளி ரசிகன், பார்வையாளனும் ரசிகன். இன்று நம் பாக்கெட்டிலேயே திரை இருக்கிறது. ஆனால் ஆளுக்கொரு திரையில் ஆளுக்கொரு படத்தைத் தனியாகப் பார்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தூங்கிப்போகிறோம்.

அடுத்த குறை, இயக்குநர்களைப் பற்றியது. நாம் படத்தை நடிகரின் பெயரால் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். ‘முள்ளும் மலரும்’ ரஜினி படம், ‘மூன்றாம் பிறை’ கமல் படம், ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ சுகாசினியின் முதல் படம். தப்பில்லை. அந்த வாசல் வழியாகத்தான் எல்லாரும் உள்ளே வருகிறோம். வாசலிலேயே நின்றுவிடுவதுதான் என் வருத்தம். மகேந்திரனையே எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் கல்லூரி மாணவராக இருந்தபோது, எம்.ஜி.ஆரை மேடையில் வைத்துக்கொண்டே தமிழ் சினிமாவின் அபத்தங்களை அடுக்கிப் பேசியவர் அவர். காரணத்தோடு பேசினார் என்பதால் எம்.ஜி.ஆரும் அவரைக் கவனித்தார். பிற்பாடு ‘தங்கப்பதக்கம்’ படத்துக்கு வசனம் எழுதிப் புகழ் பெற்றார். அத்தனை வசனம் எழுதியவர் இயக்குநராக வந்தபோது, முதல் வேலையாக வசனத்தைத்தான் குறைத்தார். 1978இல் ‘முள்ளும் மலரும்’. அடுத்த வருஷமே, புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை ஒட்டி ‘உதிரிப்பூக்கள்’. ரஜினிக்காக முதல் படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர், அதே மனிதர் எடுத்தது என்று தெரிந்து இரண்டாவது படத்துக்குப் போனீர்கள்?

டைட்டில் கார்டைத் தள்ளிவிடாமல் படித்தால் போதும், ஒரு படம் அடுத்த படத்துக்கு வழி காட்டும். ‘முள்ளும் மலரும்’ ஒளிப்பதிவு பாலு மகேந்திரா என்று பார்க்கிறீர்கள். அவரைத் தொடர்ந்து போனால் ‘அழியாத கோலங்கள்’, ‘மூன்றாம் பிறை’, ‘வீடு’, ‘சந்தியா ராகம்’. அவர் மட்டக்களப்பு மண்ணிலிருந்து வந்தவர் என்று தெரிந்துகொண்டு இலங்கைப் பக்கம் திரும்பினால், தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் 1977இல் யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே எடுத்த ‘பொன்மணி’ நிற்கிறது. ‘அழியாத கோலங்கள்’ படத்தின் டீச்சர் ஷோபாவைத் தேடினால் துரையின் ‘பசி’ கிடைக்கும். சென்னைச் சேரியின் குப்பம்மாவாக அதில் நடித்துத்தான் அவர் தேசிய விருது வாங்கினார். ‘உதிரிப்பூக்கள்’ படத்தின் வெளிச்சம் பிடித்திருந்தால் அசோக்குமாரைத் தேடுங்கள், ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ வந்து நிற்கும். இந்தச் சங்கிலியை எந்த ஓடிடியும் உங்களுக்குக் கோத்துத் தராது. நீங்கள் எதைப் பார்த்தீர்களோ அதே மாதிரி இன்னொன்றை அது நீட்டும். உங்களுக்கு எது ஏன் பிடித்தது என்று அதற்குத் தெரியாது. உங்கள் நண்பருக்குத் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன், படத்தை ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்லாதீர்கள். ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள். ‘பழைய படம்னாலே பாட்டும் அழுகையும்தானே’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர் ஒருவர் உங்கள் ஆபீஸில் இருப்பார். அவருக்கு எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’. 1954இல் வந்த படம், ஒரு பாட்டுகூடக் கிடையாது, அதுவும் வீணை வித்வான் ஒருவர் எடுத்த படத்தில். சென்னையில் குண்டு விழுந்த யுத்த காலம், எடுத்த எடுப்பில் சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார், கொன்றது யார் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். இந்த மூன்று வரி போதும். அதற்குமேல் சொல்லாதீர்கள். பெண் விடுதலை பற்றி மேடைமேடையாகப் பேசுகிற தம்பி ஒருவன் இருந்தால், அவனுக்கு ‘அவள் அப்படித்தான்’. படத்தில் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிற அருணைப் பார்த்துவிட்டு அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் படம் வேலை செய்துவிட்டது என்று அர்த்தம். பேங்க் லோனுக்கும் மேஸ்திரிக்கும் நடுவே அலைகிற நண்பருக்கு ‘வீடு’. அதையும் கிரகப்பிரவேசம் முடிந்த பிறகு காட்டுங்கள். பாதிச் சுவரில் நிற்கிறவருக்குக் காட்டினால் பாவம்.

பிள்ளைகளுக்கு மணிகண்டனின் ‘காக்கா முட்டை’. பீட்சா தின்ன ஆசைப்படுகிற இரண்டு பையன்கள் கதையில் எத்தனை பெரிய மனிதர்கள் மாட்டிக்கொள்கிறார்கள் என்று அவர்களாகவே கண்டுபிடித்துச் சொல்வார்கள். அதே இயக்குநரின் ‘கடைசி விவசாயி’யை ஊரில் இருக்கிற பெரியவருக்குக் காட்டுங்கள். நல்லாண்டி என்கிற நிஜமான விவசாயி அதில் நடிக்கவே இல்லை என்று அவர் சத்தியம் செய்வார். ‘மெதுவாப் போற படம் நமக்கு ஆகாது’ என்கிற கல்லூரிப் பெண்ணிடம் பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ பற்றிச் சொல்லுங்கள். கொதிக்கிற வெயிலில் ஒரு குடிகார அப்பனும் மகனும் நடக்கிறார்கள், மொத்தப் படமே ஒன்றேகால் மணி நேரம்தான். 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். விருதைச் சொல்லிப் பார்க்க வைத்தால், பிடிக்காவிட்டாலும் பிடித்ததாகச் சொல்லிவிடுவாள். வெயிலைச் சொல்லிப் பார்க்க வையுங்கள்.

ஒரு பெண்ணாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ரசிகர் கூட்டம் பெரும்பாலும் ஆண்கள் கூட்டம். கட்அவுட் வைப்பது, விசில் அடிப்பது, வசூலுக்காக மல்லுக்கட்டுவது எல்லாம் அங்கேதான். அதே வீட்டில் அம்மா இருக்கிறார், அத்தை இருக்கிறார், பாட்டி இருக்கிறார். டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் எடுத்துப் பார்த்தவர்கள், தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்காகச் சமையலைச் சீக்கிரம் முடித்தவர்கள். உங்களுக்கு எந்த டைரக்டர் பிடிக்கும் என்று அவர்களை யாராவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டுப் பாருங்கள். ‘கல்யாணப் பரிசு’ ஸ்ரீதர் என்று பளிச்சென்று சொல்வார்கள். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படம் ஒரே ஆஸ்பத்திரிக்குள் எப்படி நடக்கிறது, அந்த டாக்டர் அவளை எப்படிப் பார்த்தான் என்று, நீங்கள் கவனித்தே இராத இடத்தை எடுத்துச் சொல்வார்கள். சீரியல் பார்க்கிறவர்கள் என்று நீங்கள் ஒதுக்கி வைத்தவர்களிடம் ஒரு முழு சினிமா வரலாறு இருக்கிறது. அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை, அவர்களோடு அது போய்விடும். பாட்டுப் புத்தகத்தையும் நோட்டீஸையும் சேர்த்துச் சேர்த்தே தமிழ் சினிமாவின் கணக்கையெல்லாம் பாதுகாத்துத் தந்தவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். ரசிகரின் ஞாபகத்துக்கு என்ன மதிப்பு என்று அவரைப் பார்த்தாவது நாம் தெரிந்துகொண்டிருக்க வேண்டாமா?

‘எல்லாம் சரி, இந்தப் படங்களை எங்கே பார்ப்பது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஓடிடியில் இன்றைக்கு இருக்கும், உரிமம் முடிந்ததும் நாளைக்கு இருக்காது. யூடியூபில் இருக்கும் பல பிரதிகளில் நிறம் வெளுத்து, நான்கு மூலையும் வெட்டுப்பட்டு, நடுவில் கம்பெனி முத்திரை குத்தியிருக்கும். திருட்டுப் பிரதி வழியாகப் பகிருங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? 2012இல் டிஜிட்டலில் புதுப்பித்த ‘கர்ணன்’ தியேட்டருக்கு வந்து பல வாரங்கள் ஓடியது. 2024இல் ‘கில்லி’யை மறுபடி வெளியிட்டார்கள், புதுப்படம் மாதிரிக் கூட்டம். தியேட்டர்காரர்கள் நாம் கேட்டதைக் கொடுக்கிறார்கள், நாம் கொண்டாட்டத்தை மட்டும்தான் கேட்டோம். ‘உதிரிப்பூக்கள்’ படத்தையும் ‘அந்த நாள்’ படத்தையும் பெரிய திரையில் பார்க்க ஆள் இருக்கிறது என்று காட்டினால், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியாவது ஒதுக்க மாட்டார்களா? அதற்கு முதலில் அந்தப் படங்களைத் தெரிந்த ஆட்கள் ஊரில் பத்துப் பேராவது வேண்டும். அந்தப் பத்துப் பேரை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

ஆகவே நண்பர்களே, நான் கேட்பது இதுதான்.

இந்த மாதம் ஒரே ஒரு இயக்குநரைத் தேர்ந்தெடுங்கள். எல்லாரும் பேசுகிற பெயராக வேண்டாம், பேச்சில் தேய்ந்துகொண்டு வருகிற பெயராக இருக்கட்டும். அவருடைய ஒரே ஒரு படம். அதை ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள், உங்களோடு ஏற்கெனவே ஒத்துப்போகிற நண்பரிடம் வேண்டாம். ஏன் அவர் இதைப் பார்க்க வேண்டும் என்று உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரி. வசூல் வேண்டாம், விருது வேண்டாம், கதையின் முடிவு கண்டிப்பாக வேண்டாம். முடிந்தால் கூட உட்கார்ந்து பாருங்கள். போனைத் தள்ளி வையுங்கள், பாட்டு வந்தால் ஓட்டாதீர்கள், டைட்டிலில் வருகிற ஒளிப்பதிவாளர் பெயரையும் எடிட்டர் பெயரையும் வாய்விட்டுப் படியுங்கள். படம் முடிந்ததும் ‘எப்படி?’ என்று உடனே கேட்டு அவரை நெருக்காதீர்கள். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். ஏன் பிடிக்கவில்லை என்று கேளுங்கள், அதையும் கவனமாகக் கேளுங்கள். பிடிக்காததற்கு ஒருவர் சொல்லும் காரணத்தில் நமக்குத் தெரியாத படம் ஒன்று இருக்கும்.

என் பங்கை இப்போதே செய்துவிடுகிறேன். உங்களில் ‘உதிரிப்பூக்கள்’ பார்க்காதவர் யாரோ, அவருக்கு இது. வில்லனைக் கத்த விடாமல், வெள்ளை வேட்டி கட்டிய பெரிய மனிதனாக ஊருக்குள் நடமாட விட்டு, அவன் வந்து நின்றாலே நமக்கு வயிற்றைக் கலக்க வைத்த படம் அது. கொடுமை என்பது எவ்வளவு தாழ்ந்த குரலில் பேசும் என்று எனக்குக் காட்டியது அந்தப் படம்தான். கடைசிக் காட்சி ஆற்றங்கரையில் நடக்கிறது. அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

கடைசியாக ஒரு நிபந்தனை, இந்த மடலில் இதுதான் முக்கியம். நீங்கள் ஒரு படத்தைச் சொன்னதும், பதிலுக்கு அவரிடம் ஒரு படம் கேளுங்கள். அவர் சொல்வது ‘பாட்ஷா’வாக இருக்கலாம், ‘கரகாட்டக்காரன்’ ஆக இருக்கலாம், நீங்கள் ஏளனமாகச் சிரித்துவிட்டுத் தாண்டிப்போன ஒரு பேய்ப் படமாகவும் இருக்கலாம். முகத்தைச் சுளிக்காமல், உங்கள் படத்தை அவர் எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்த்தீர்களோ அதே கவனத்தோடு அதை முழுசாகப் பாருங்கள். பார்த்துவிட்டு அவரிடம் போய்ப் பேசுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி